செண்பகவள்ளி இல்லம்

ஆவுடையநேரியில், ஊராட்சித் தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்தபோது, ஆட்டுச்சந்தைப் பொட்டலில் மூன்று மாடி வீடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் சாயந்திரம்வரை அங்கே ஆட்டுப்புழுக்கையும், நாலைந்து முளைக்குச்சிகளும், ஒற்றைக் கருவேல மரமும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. முதல் பஸ்ஸுக்குப் பூ கொண்டுவந்த பெண் வீட்டைப் பார்த்தாள், வெயில் ஏறுமுன் நிழல் கிடைத்தது நல்லதாயிற்று என்று அதன் சுவரோரம் கூடையை இறக்கிவைத்துத் தொடுக்கத் தொடங்கினாள். அடுத்து வந்த பால்காரர் இங்கே எத்தனை லிட்டர் தேவைப்படும் என்று அவளிடமே விசாரித்தார். எட்டு மணிக்குள் பாதி ஊர் கூடி, அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்க நின்றுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கலைந்துபோனது.

வாசலில் கிரானைட் படி. முகப்பெல்லாம் ரோஸ் நிறப் பளிங்கு. முதல் மாடி பால்கனியில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல், சுவரில் வரிசையாக ஏழு ஏ.சி. பெட்டிகள். மேற்குத் தெருவிலிருந்து பார்த்தால் மூன்று மாடி, கிழக்குத் தெருவிலிருந்து பார்த்தால் நான்கு மாடி. இரண்டு தெருக்காரர்களும் அன்று டீக்கடையில் கொஞ்சநேரம் சண்டை போட்டார்கள், பிறகு அவரவர் தெருவுக்கு அவரவர் கணக்கு என்று விட்டுவிட்டார்கள். தலைவாசலுக்கு மேலே கருங்கல்லில் வெட்டிப் பொன்வண்ணம் பூசிய எழுத்துகள் இருந்தன: செண்பகவள்ளி இல்லம்.

பத்து மணிக்கு அதைப் பார்க்கப் போனவர்களில் உலகம்மாளும் ஒருத்தி. ஊஞ்சலையோ பளிங்கையோ அவள் பார்க்கவில்லை. பேரில் இருந்த 'ள்ளி'யைப் பார்த்தாள். பார்த்ததும் பூக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் செண்பகவல்லிக்கு 'ல்லி'தான். அது உலகம்மாளுக்கு நன்றாகத் தெரியும், ஆறு வருஷமாக, நாலைந்து வாடகை வீடு சேர்ந்த ஒரே வளவில், ஒரே குழாயடியில், சுவருக்குச் சுவர் குடியிருந்தவள் அவள். அவசரத்தில் 'ள்ளி' என்று தப்பாக அடித்தது அவளுடைய விரல். அந்த ஒரு வரியைத்தான் பதினோரு பேர், ஆளுக்குப் பத்துப் போலிப் பேரில், பதினான்கு நாளாக ஊருக்கென்று இருந்த இணையப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

செண்பகவல்லி ரேஷன் கடையில் ஒன்பது வருஷம் தினக்கூலிக்கு எடை போட்டவள். தெற்குத் தெருவில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதைக் கேட்கப் போன பெண்களைத் தலைவர் தங்கப்பழம் மூன்று முறை வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பியதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடை வேலையை விட்டாள், தலைவர் தேர்தலுக்கு மனுப் போட்டாள், மூக்குக்கண்ணாடிச் சின்னம் கிடைத்தது. அவள் புருஷன் சுடலைமுத்து தன் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். முதல் வாரத்திலேயே பெண்கள் அவள் பின்னால் கும்பலாக நடந்ததைப் பார்த்த தங்கப்பழம், வெளியூரிலிருந்து திரவியம் என்ற ஆளை வரவழைத்தார். திரவியம் ஒரு பெட்டி நிறையச் செல்போன்களோடு வந்து, தங்கப்பழத்தின் ரைஸ் மில் மாடியில் பதினோரு பேரை உட்காரவைத்தான். சொந்தமாக வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது எல்லாரும் உலகம்மாளைக் காட்டினார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வாசகம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. நாலு நாள் கூத்து, தேர்தல் முடிந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தாள். பாவம் சேரக்கூடாது என்று ஒரு காரியமும் செய்தாள். பங்களா எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும், இடம் சொன்னால்தான் நம்புவார்கள் என்று திரவியம் சொன்னபோது, அவள் வேண்டுமென்றே ஆட்டுச்சந்தைப் பொட்டலை எழுதினாள். ஊரே தினமும் நாலு தடவை கடந்து போகிற இடம், அங்கே ஒன்றும் இல்லை என்று கண் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், இதை யார் நம்பப்போகிறார்கள் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'ரேஷன் கடையில் எடை போட்டவளுக்கு ஆட்டுச்சந்தைப் பொட்டலில் மூணு மாடி பங்களா வந்தது எப்படி? செண்பகவள்ளி பதில் சொல்வாரா?' இதுதான் அந்த வரி. மற்றவர்கள் தங்கள் பங்குக்கு ஒருவர் ஊஞ்சலைச் சேர்த்தார், ஒருவர் ஏ.சி.யைச் சேர்த்தார், ஒருவர் மொட்டை மாடியில் நீச்சல்குளத்தைச் சேர்த்தார், கைபோன போக்கில் ஒருத்தி மூணு மாடியை நாலு மாடி என்று அடித்துவிட்டாள். பதினான்காம் நாள் சாயந்திரம் அந்த வரிகள் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டின. மறுநாள் காலை வீடு நின்றது.

செண்பகவல்லி மத்தியானம் வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பார்த்தாள், பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் இது என் வீடு இல்லை, இது என் பேரும் இல்லை என்று சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பழுப்பேறிய பக்கமொன்றில் பொட்டல் அவள் பேரில்தான் இருந்தது. ஒரு எழுத்துதானம்மா வித்தியாசம், அரசாங்கத்தில் இதெல்லாம் சகஜம் என்று அவர் ஆறுதலாகவே சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. நேற்றுவரைக்கும் இங்கே ஆடு நின்றதே, நீங்கள் எல்லாரும் பார்த்தீர்களே என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். நின்றதில்லை என்று யாரும் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒருவர் மட்டும், வீட்டு முன்னால் ஆடு நிற்கக்கூடாதா என்று கேட்டார். அது நியாயமான பேச்சாக எல்லாருக்கும் பட்டது.

அதற்குப் பிறகு ஊர் அந்த வீட்டோடு பழகிக்கொண்டது. மின்வாரிய ஆள் வந்து, மீட்டர் இருந்ததால் கணக்கெடுத்து அட்டையில் எழுதினார். ஆட்டுச்சந்தை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாறியது. கல்யாணமான ஜோடிகள் கிரானைட் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் 'பங்களா ஸ்டாப்' என்று கூவ, நாலு பேர் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கொத்தனார் வெள்ளைப்பாண்டிக்கு, மூன்றாவது மாடிக்குத் தளம் போட்டது தான்தான் என்று ஞாபகம் வந்தது. அன்று மழை தூறியதும், சாக்கு போட்டு மூடியதும்கூட அவருக்கு நினைவிருந்தது. அவர் பொய் சொல்கிற மனுஷன் இல்லை. அவரைக் கேட்டுப் பெயின்டருக்கு ஞாபகம் வந்தது, பெயின்டரைக் கேட்டு லாரி டிரைவருக்கு ஞாபகம் வந்தது, கடைசியில் அந்தப் பொட்டலில் ஆடு வாங்கியதை நினைவு வைத்திருந்தவர்கள், வேறு ஏதோ ஊர்ச் சந்தையோடு குழப்பிக்கொண்டோம் போலிருக்கிறது என்று தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

செண்பகவல்லிக்கு அறுபத்து மூன்று ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று உலகம்மாளுடையது. அவள் மூக்குக்கண்ணாடியில்தான் குத்தினாள், குத்திவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

தேர்தல் முடிந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று உலகம்மாள் நினைத்தது மட்டும் நடக்கவில்லை. தங்கப்பழம் ஜெயித்து மாலை போட்டுக்கொண்டார், திரவியம் பெட்டியோடு அடுத்த ஊருக்குப் போனான், வீடு நின்ற இடத்திலேயே நின்றது. வளவின் சொந்தக்காரர் செண்பகவல்லியைக் கூப்பிட்டு, அவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு என் ஓட்டு வீட்டில் எதற்கம்மா இருக்கிறாய், இல்லாதவர்கள் யாராவது இருக்கட்டும் என்று நயமாகச் சொன்னார். ஊரில் வேறு யாரும் அவர்களுக்கு வீடு கொடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சுடலைமுத்து பாத்திரம் பண்டங்களை ஆட்டோவில் ஏற்றி, இரண்டு நடையில் கொண்டுபோய் அந்தப் படியில் இறக்கினான். கதவு பூட்டாமல்தான் இருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதைத்தான் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று ஒருவருக்கும் எழுதத் தோன்றவில்லை. அதனால் தரையிலிருந்து மொட்டை மாடிவரைக்கும் தண்ணீர் வற்றிய கிணறுபோல வெறும் வெளி. அறை இல்லை, அடுப்படி இல்லை, கக்கூஸ் இல்லை, ஒரு ஜன்னல்கூட உள்பக்கம் திறக்கவில்லை. ஒரு படிக்கட்டு மட்டும் சுவரோடு சுற்றிச் சுற்றி ஏறி நீச்சல்குளத்துக்குப் போனது. நீச்சல்குளம் நீலக் கல் பதித்து, தூசி படிந்து, காய்ந்து கிடந்தது. ஏ.சி. பெட்டிகள் ஏழும் வெளியே ஓயாமல் இரைந்தன. உள்ளே சூளைபோலக் கொதித்தது. செண்பகவல்லி வாசலோரத்தில் மூன்று கல் வைத்துச் சோறு பொங்கினாள். தண்ணீருக்குத் தெற்குத் தெருக் குழாய்க்குப் போனபோது, பங்களாக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று அவள் குடத்தை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்கள். அப்படி வைத்தவர்கள், அவள் பின்னால் கும்பலாக நடந்த அதே பெண்கள்தான்.

இதையெல்லாம் உலகம்மாள் அடுத்த தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் செண்பகவல்லி; செருப்பில்லாமல் ஓடி உள்ளங்கால் கொப்பளித்து, பத்து நாள் நொண்டினாள். அவள் முகத்தில் விழிக்க உலகம்மாளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்த நூற்றுப்பத்துப் போலிப் பேரும் அவற்றின் கடவுச்சொல்லும் எழுதிய நோட்டு அவளிடம் இருந்தது. எழுத்தால் வந்ததை எழுத்தால் சரிசெய்யலாம் என்று அவளுக்குப் பட்டது.

முதலில் தன் சொந்தப் பேரில், அப்படி ஒரு வீடு கிடையாது, அது நாங்கள் எழுதிய பொய் என்று எழுதினாள். யாரோ போலி ஆள் என்று படித்தவர்கள் தள்ளிவிட்டார்கள்; அவ்வளவுதான். அடுத்து நூற்றுப்பத்துப் பேரிலும், பாவம் அந்த வீட்டில் தண்ணீர்கூட இல்லை என்று எழுதினாள். அதை யாரும் படிக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாவது நாள், வேறு வழி தெரியாமல், பழைய மாதிரி எழுதினாள்: 'ஊருக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணி. செண்பகவள்ளி பங்களாவில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி. இது யார் வீட்டுத் தண்ணி?' ஒரே நாளில் ஊர் முழுக்க அதைப் படித்தது. மறுநாள் காலை செண்பகவல்லி கண் விழித்தபோது, சுவரில் ஒரு குழாய் முளைத்துத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் உலகம்மாளுக்கு வழி தெரிந்துவிட்டது. ஊர்ப் பணத்தில் பளிங்கு அடுப்படி கட்டியிருக்கிறாள் பாருங்கள் என்று எழுதினால் அடுப்படி வந்தது. படுக்கைக்கு இரண்டு அறை, குளிக்க ஒரு அறை என்று வயிறெரிந்து எழுதினால் அவையும் வந்தன. நல்ல விதமாக எழுதிய எதுவும் பலிக்கவில்லை. திட்டி எழுதியதெல்லாம் இரண்டாம் நாளே பலித்தது. ஒவ்வொரு அறைக்கும் ஊரின் முகம் ஒரு சுற்று இறுகியது. மளிகைக் கடைக்காரர் செண்பகவல்லிக்குச் சாமான் கட்டுவதை நிறுத்தினார். சுடலைமுத்துவின் ஆட்டோவில் ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போனது. ஜன்னலாவது உள்பக்கம் திறக்கட்டுமே என்று உலகம்மாள் மனசு கேட்காமல், 'காற்று வாங்க வெளிநாட்டுக் கண்ணாடி ஜன்னல்' என்று எழுதிய வாரம், பட்டப்பகலில் யாரோ எறிந்த கல் அந்த ஜன்னல் வழியாகப் போய், சுடலைமுத்துவின் புருவத்தைப் பிளந்தது. ஆறு தையல்.

அன்றைக்கு மத்தியானம் உலகம்மாள் போனை எடுத்துக்கொண்டு அந்தக் கிரானைட் படிக்குப் போனாள். செண்பகவல்லி ரத்தம் பட்ட சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். வா உலகு என்றாள். உலகம்மாள் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: ரைஸ் மில் மாடி, பதினோரு போன், முதல் வரி, 'ள்ளி', குழாய், அடுப்படி, ஜன்னல். செண்பகவல்லி சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அவளிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். தன்னைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவள் அதுவரை பார்த்ததில்லை. ஊரார் முகத்தைத்தான் பார்த்திருந்தாள்.

"வாசி, கேக்கேன்" என்றாள்.

உலகம்மாள் படியில் உட்கார்ந்து வாசித்தாள். போட்டவர் பேரை முதலில் சொல்லி, அப்புறம் எழுதியதைச் சொல்லி, ஒட்டியதையே திரும்ப ஒட்டியவற்றைத் தவிர, ஒன்று விடாமல் வாசித்தாள். சில வார்த்தைகளைச் சொல்ல வாய் கூசி நின்றபோது செண்பகவல்லி காத்திருந்தாள். சொன்ன பிறகுதான் அடுத்ததுக்குப் போகவிட்டாள்.

"தென்றல்மகன்ங்கது யாரு?"

"நான்தான்க்கா."

"இந்த உண்மைவிளம்பி?"

"அதும் நான்தான்."

"அன்புராணி பொம்பளைதான? நம்ம தெருவோ?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதுக்கா. பூதத்தான் மக அந்தப் பேர்ல போட்டா. மில்லுல என் பக்கத்துல இருந்தா."

விளக்கு வைக்கிற நேரம்வரை வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டது. செண்பகவல்லி முழங்காலைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள்:

"இதுல ஊர்க்காரங்க எழுதுனது எது?"

உலகம்மாள் மேலும் கீழும் தேடிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. பதினோரு பேருதான். மத்தவங்க எழுதல."

"அப்பம் ஊரு எழுதல."

"எழுதல."

"ஊரு படிச்சுருக்கு" என்றாள் செண்பகவல்லி. உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கோபமில்லாமல், நிஜமாகவே புரியாதவள்போல அவள் கேட்டாள்: "தண்ணிக்கா இவ்வளவும் எழுதுன? அடுத்த தெருதான உன் வீடு. ஒரு குடம் கொண்டாந்து வச்சிருக்கலாம்லா உலகு."

அப்படி ஒரு வழி இருந்தது உலகம்மாள் புத்தியில் ஒருநாளும் உதிக்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனாள். பன்னிரண்டு நாளைக்குப் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு குடம். தெருவே பார்த்தது, போகிற வழியில் இரண்டு பேர் காறித் துப்பினார்கள், அது தனக்கா குடத்துக்கா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. செண்பகவல்லி வீட்டுக் குழாயின் வாயைத் துணி வைத்து இறுகக் கட்டியிருந்தாள். குடத்தை வாங்கித் தன் பானையில் கவிழ்த்துக்கொண்டு, காலிக் குடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இப்படி இருபத்து மூன்று நாள் நடந்தது. இருபத்து நான்காம் நாள் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே பாய்கூட இல்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் லோடு ஓட்ட சுடலைமுத்துவுக்கு வேலை கிடைத்து, முதல் பஸ் வரும் நேரத்துக்கே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பூக்காரி சொன்னாள்.

உலகம்மாள் அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த வீடு யாரும் கட்டியதில்லை, நான் எழுதியது என்று சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. தங்கப்பழமே, உட்காரும்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மட்டும், பாவம் நன்றாக எழுதுகிற பெண் என்று சொல்லி அவளை வேலையில் வைத்துக்கொண்டார். ஊர் வீட்டோடு பழகியதுபோல அவள் பேச்சோடும் பழகிக்கொண்டது. அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தால், ஆமாம் உலகு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பேச்சை மழைக்கும் விலைவாசிக்கும் மாற்றுவார்கள்.

ஏழு மாதம் கழித்து விலாசம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் இரண்டு பஸ் மாறி, உப்பு வெள்ளையாகப் பூத்த ஓடையைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்கு முன்னால் போய் நின்றாள். செண்பகவல்லி முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பாப்பா நல்லாருக்காளா என்று கேட்டாள், நல்லாருக்கா என்று இவள் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா எஸ்தர் பக்கத்து வாசலிலிருந்து இறங்கி வந்தாள். ஊர்க்காரப் பெண் என்று தெரிந்ததும், ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிட்டாள். அவள் கையிலும் ஒரு போன் இருந்தது.

"இவளுக்கு உங்க ஊர்ல நாலு மாடி வீடு இருக்காமே? பின்ன எதுக்கு எங்க தகரக் கொட்டாய்க்கு வந்தாளாம்?"

"இல்லம்மா" என்றாள் உலகம்மாள். "அவளுக்கு அங்க ஒண்ணும் கிடையாது. அது பொய். நான்தான் எழுதுனேன்."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

எஸ்தர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். போனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தாள். "எழுதுனவளே வந்து சொல்லுத, சரி" என்றாள். "ஏன் எழுதுன?"

பதினோரு போன், திரவியம், நாலு நாள் கூத்து, யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்தது என எல்லாம் உலகம்மாளின் வாய்வரைக்கும் வந்தன. ஒன்றும் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. எஸ்தர் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

செண்பகவல்லி மறுபடி தேய்க்கத் தொடங்கியிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா அப்புறம் நின்னுக்கிட்டுத்தான் போவணும்."